பதினேழாம் எண் பவளம்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, நான்கு ஆள் உயரத்துக்குத் தான் எடுத்த படம் நிற்பதைப் படக்காரி ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? பதினொரு வருடமாக முதுகில் காற்று உருளையைச் சுமந்துகொண்டு கடலுக்கடியில் போய் அவள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றுகூட, அவள் வேலை பார்த்த கடல் ஆய்வு நிலையத்தின் அலமாரியைத் தாண்டி வெளியே வந்ததில்லை. இன்றைக்கு ஊதாவும் நீலமுமாகத் தகதகத்துக்கொண்டு ஒரு மான்கொம்புப் பவளம் தெருவையே பார்த்துச் சிரித்தது. பேருந்துக்கு நின்ற ஒருவர், "என்னமா கலர் பாருங்க" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார்.

பிறகுதான் அவள் கீழே இருந்த எழுத்தைப் படித்தாள்.

'நம் கடல் நலமாக இருக்கிறது. இந்த வண்ணங்களே சாட்சி. வாருங்கள், வந்து பாருங்கள்!'

அதற்கும் கீழே சுற்றுலா வாரியத்தின் முத்திரை.

உச்சந்தலையில் சுர்ரென்றது அவளுக்கு. அந்தப் பவளம் செத்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

அவளுடைய வேலை இதுதான். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம் போனால் வரும் பவளத்திட்டில் நாற்பது இடங்களுக்கு எண் போட்டு வைத்திருந்தார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை அந்த நாற்பது இடத்திலும் இறங்கி, ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில் படம் எடுக்க வேண்டும். திட்டில் கட்டியிருக்கும் வெப்பம் அளக்கும் கருவியைக் கழற்றிக் குறித்துக்கொண்டு வர வேண்டும். நிலையத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் நாற்பது பவளங்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல முகம் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் அந்தப் பெயர். இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் படக்காரி.

விளம்பரப் பலகையில் இருந்தது பதினேழாம் எண்.

பவளம் பார்க்கக் கல் மாதிரி, கிளைத்த விதத்தில் செடி மாதிரி இருக்கும். ஆனால் அது உயிருள்ள பிராணிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் அரிசி முனை அளவுதான். அவற்றின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலைப் பிடித்துச் சர்க்கரை சமைக்கும். சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் பாசிக்கு வீடும் உரமும் கொடுக்கும். நலமாக இருக்கும் பவளத்தின் பழுப்பு நிறம் அந்தப் பாசியின் நிறம்தான். தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டால் பாசியின் சமையல் கெட்டுப்போகிறது. சர்க்கரைக்குப் பதில் அது நஞ்சைக் கக்க ஆரம்பிக்கிறது. வேறு வழியில்லாமல் பவளம் தன் சோற்றுப் பானையைத் தானே வெளியே தள்ளிவிடுகிறது. அதன் பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதையும், அதனூடே தெரியும் வெள்ளை எலும்பும்தான். அந்த நிலையிலும் சாவதில்லை. சில வாரங்கள், தாக்குப்பிடித்தால் சில மாதங்கள்கூட, பட்டினியோடு காத்திருக்கும். தண்ணீர் ஆறினால் பாசி திரும்பி வரும்.

ஒரு சில பவளங்கள், பாசி போகப் போக, சுள்ளென்று அடிக்கும் வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி, தம் சதையிலேயே ஊதாவும் நீலமுமாகச் சாயம் ஊற வைக்கும். அந்தச் சாயம் வெயிலைத் தடுத்தால் பாசி திரும்பக்கூடும். பதினேழாம் எண் அப்படித்தான் பத்து வாரத்துக்கு முன்னால் ஊதாவாக எரிந்தது. அவள் அதைப் படம் எடுத்தபோது முகக்கண்ணாடிக்குள் அழுதாள். "பிடிச்சு நில்லு, பிடிச்சு நில்லு" என்று மனசுக்குள் சொன்னாள். தண்ணீர் ஆறவில்லை. அடுத்த முறை போனபோது அது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பட்டினியோடு நான்கு வாரம் பிடித்து நின்றது. அதற்கடுத்த முறை போனபோது அதன் மேல் அழுக்குப் பச்சையில் ரோமம் போல வேறு பாசி முளைத்திருந்தது. பிணத்தின் மேல் முளைக்கும் பாசி.

அவள் பேருந்தில் ஏறவில்லை. நிலையத்துக்கு நடந்தே போய், நேராக இயக்குநர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், அந்தப் படத்தை யார் குடுத்தது?"

இயக்குநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. யார் பேச்சையும் தட்டத் தெரியாதவர். அதுதான் பெரிய தொல்லை. "நான்தாம்மா. வாரியத்துலேர்ந்து நல்ல கலர்ல ஒரு படம் கேட்டாங்க. உன் படம்தான் இருக்கறதுலயே அழகு. உனக்குப் பெருமைதானே?"

"அது சாகற பவளம் சார். நானே ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். பதினேழு, வெளிறல் ஆரம்பம்னு."

"அது நமக்குத் தெரியும். பாக்கறவங்களுக்குத் தெரியுமா? அவங்களுக்கு அழகா இருக்கு, அவ்வளவுதானே."

"நலமா இருக்குன்னு போட்டிருக்காங்க சார்! நாப்பதுல முப்பத்தஞ்சு வெளுத்துக் கிடக்கு!"

"சத்தம் போடாத. நிலையம் இருக்கறதே அவங்க கட்டடத்துல. படகுத்துறை அவங்களுது. பதினஞ்சு நாள்ல பருவம் தொடங்குது. இப்போ போய் நான் என்ன சொல்ல முடியும்?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எழுத்துல குடு. பாக்கலாம்."

எழுதிக் கொடுத்தாள். பார்க்கவில்லை. இரண்டாவதும் எழுதினாள். முதல் கடிதம் எங்கே என்று கேட்டதற்கு, தபால் பிரிவில் கிளார்க் அலமாரியைக் குடைந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

அவள் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அண்ணன் சொந்தப் படகு வைத்திருந்தார். அடியில் கண்ணாடி பதித்த படகு. பயணிகளைப் பவளத்திட்டுக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி வழியே காட்டுவது அவர் பிழைப்பு. அண்ணி மருத்துவமனையில் நர்ஸ். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது படக்காரி நடந்ததைக் கொட்டித் தீர்த்தாள். அண்ணி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இரு, இரு. எங்க வார்டுல நூத்தி நாலு ஜுரத்துல ஒரு பொண்ணு கன்னமெல்லாம் செவந்து கிடக்கறா. அவளப் போட்டோ புடிச்சு, எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா இப்படித்தான் ரோஜாப்பூ மாதிரி ஆயிடுவீங்கன்னு போர்டு வச்சா எப்படி இருக்கும்? அது மாதிரியா?"

"அதேதான் அண்ணி."

"அட கேடு கெட்டவங்களா" என்றாள் அண்ணி.

அண்ணன் மட்டும் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. "போர்டைப் பாத்துட்டுத்தான் நாலு பேர் போன் பண்ணியிருக்காங்க. பருவம் தொடங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு சவாரி. நீ வாயை மூடிக்கிட்டு இரு பாப்பா."

அந்தச் சனிக்கிழமை நிலையத்தின் படகு பழுதாகிக் கிடந்தது. கருவியைக் கழற்றி வர வேண்டியிருந்ததால் அவள் அண்ணன் படகிலேயே தொற்றிக்கொண்டாள். பதினாறு பயணிகள். கண்ணாடியைச் சுற்றி நெருக்கியடித்துக் குனிந்திருந்தார்கள். திட்டின் மேல் படகு மெதுவாக ஊர்ந்தபோது கீழே எல்லாம் வெள்ளை. காட்டுத் தீ அணைந்த பிறகு கிடக்கும் சாம்பலை வெள்ளையாக நினைத்துப் பார்த்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்றாள் ஒரு பெண். "பனி பெஞ்ச மாதிரி!"

அண்ணன் ஒலிபெருக்கியை எடுத்தார். சுக்கான் பக்கத்தில் வாரியம் கொடுத்த ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துப் படித்தார்: "நீங்கள் இப்போது பார்ப்பது வெண்பவளத் தோட்டம். இது மிக அரிய காட்சி. வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே தெரியும்."

படக்காரி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். வாரியம் பொய் சொல்கிறது என்றால் அது வாரியம். இயக்குநர் மழுப்புகிறார் என்றால் அவர் குணம் அது. இது அண்ணன். சின்ன வயதில் அவளுக்கு நீச்சல் பழக்கியவர். எந்தப் பாறைக்கு அடியில் எந்த மீன் இருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர். அவர் வாயிலிருந்தா இது?

எழுந்து போய் அவர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"தோட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பசியில சாகறதுங்க. நீங்க பாக்கறது எலும்பு. மூணு மாசத்துக்கு முன்னாடி இதெல்லாம் பழுப்பா, உயிரோட இருந்துச்சு. கடல் சூடாகி இப்படிக் கிடக்கு. பனி இல்லம்மா இது. பனின்னு சொல்லாதீங்க."

கண்ணாடியைச் சுற்றிக் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிறகு தொப்பி போட்ட ஒருவர், "குடும்பத்தோட சந்தோஷமா இருக்கலாம்னு வந்தோம். இதைக் கேக்கவா வந்தோம்?" என்றார். பனி என்று சொன்ன பெண் திரும்பக் குனிந்து, கண்ணாடியில் மூக்கு உரச, நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கரைக்கு வந்ததும் தொப்பிக்காரர் வாரியத்தின் கவுண்டருக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். அண்ணன் கயிற்றைக் கட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே என் படகுல ஏறாத."

"ஏற மாட்டேன். அந்தக் காகிதத்தைப் படிக்கற ஆளு எங்க அண்ணன் இல்ல."

அதற்குப் பிறகு ஒரே வீட்டில் மேலும் கீழும் இருந்துகொண்டு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணி, "எனக்கு ஆஸ்பத்திரியே தேவலாம், அங்க நோயாளிங்களாவது ஒருத்தரோட ஒருத்தர் பேசறாங்க" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

கடிதமும் எடுபடவில்லை, வாய்ப்பேச்சும் எடுபடவில்லை என்று ஆனதும் படக்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். பதினேழாம் எண்ணின் நான்கு படங்களை ஸ்டூடியோவில் கொடுத்து, அலமாரிக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினாள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, தண்ணீரின் வெப்பம், ஒரே ஒரு சொல். பழுப்பாக இருந்த படத்துக்குக் கீழே 'நலம்'. ஊதாவாக எரிந்த படத்துக்குக் கீழே 'காய்ச்சல்'. வெளுத்த படத்துக்கு 'பட்டினி'. ரோமப் பாசி படிந்ததற்கு 'சாவு'. இரண்டாவது படத்திலிருந்து மேலே ஓர் அம்புக்குறி போட்டு எழுதினாள்: 'மேலே நீங்கள் பார்ப்பது இந்தப் படம்.'

திருட்டுத்தனமாகச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. காலை எட்டரைக்கு, பேருந்து நிறுத்தத்தில் ஜே ஜே என்று கூட்டம் இருக்கும் நேரத்தில் போனாள். பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் உடையிலேயே கூட வந்தது அண்ணி. "கோணலா ஒட்டாத. இவ்வளவு தூரம் வந்துட்டு அசிங்கமா ஒட்டிட்டுப் போகக் கூடாது" என்று அதட்டினாள். விளம்பரப் பலகையின் இரும்புத் தூணுக்குக் கீழே இருந்த சுவரில் நான்கும் வரிசையாக ஏறின. ஒரு பேருந்தைத் தவறவிட்டுவிட்டுப் படித்தவர்கள் உண்டு.

மறுநாள் மதியத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். அதற்குள் ஊரில் பாதிப் பேர் கைபேசியில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள்.

விசாரணை வைத்தார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் இயக்குநர், வாரியத்தின் விளம்பர அதிகாரி, மேலிடத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி. இன்னொரு பக்கம் படக்காரி தனியாக. குற்றம் இரண்டு: நிலையத்தின் சொத்தான படங்களை அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வைத்தது, பொதுமக்களிடையே பீதி கிளப்பியது.

"ஒத்துக்கறேன்" என்றாள். "அனுமதி இல்லாமதான் வச்சேன். அவங்களும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமதான் வச்சாங்க. அவங்க வச்சதுல பொய் இருந்துச்சு, நான் வச்சதுல இல்ல. எந்த வரி பொய்னு காட்டுங்க, இப்பவே மன்னிப்பு எழுதித் தர்றேன்."

விசாரணை அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். எந்த வரியையும் காட்டவில்லை. "சரி, சண்டை வேண்டாம். நல்லா இருக்கற பவளத்தோட படம் ஏதாவது இருந்தா குடுத்திருக்கலாமே? அதையே போட்டிருப்பாங்க."

அவள் பைக்குள் கைவிட்டு ஒரு படத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். போன வருடம் எடுத்தது. கொழுகொழுவென்று, தேநீர் நிறத்தில், கிளை முனைகளில் மட்டும் கொஞ்சம் வெளிர்ந்து, இடுக்குகளில் மீன் குஞ்சுகளோடு ஒரு பவளம்.

"இதுதான் சார் நல்லா இருக்கறது."

விளம்பர அதிகாரி எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இது சேறு மாதிரி இருக்கேம்மா. இதைப் போட்டா யார் வருவாங்க?"

படக்காரிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் நெஞ்சுக்குழியிலிருந்து பொங்கி வந்தது.

"அப்போ உங்களுக்கு நலமா இருக்கறது வேண்டாம். அழகாச் சாகறதுதான் வேணும். செத்தா வெண்பவளத் தோட்டம், சாகும்போது வண்ணமே சாட்சி, உயிரோட இருந்தா சேறு. அந்தச் சேத்துலதான் சார் கடல் மீனு முட்டை போடுது. அந்தச் சேறுதான் அலையைத் தடுத்து உங்க படகுத்துறையைக் காப்பாத்துது. அதுங்க ஒண்ணுமே கேக்கல. தண்ணியைச் சுட வைக்காதீங்கன்னுதான் கேக்குதுங்க. அதுவும் முடியலைன்னா, செத்துப் போச்சுன்னு உண்மையைச் சொல்ற நாணயமாவது வேண்டாமா?"

இயக்குநர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வாயைத் திறந்தார். ஆனால் மூடிக்கொண்டார். அவர் திறந்த வாயை மூடியதைத்தான் படக்காரியால் பிற்பாடும் மன்னிக்க முடியவில்லை.

மூன்றே நாளில் விளம்பரப் பலகை காணாமல் போனது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அந்த இடத்தில் குடை பிடித்துச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம் வந்தது. படக்காரிக்கும் உத்தரவு வந்தது: ஆறு மாதத்துக்கு அவள் கடலில் இறங்கக் கூடாது. பொருள் கிடங்கில் ரப்பர் குழாய்களையும் கண்ணாடிக் குடுவைகளையும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும்.

கிடங்கு வேலையின் இரண்டாவது வாரம், ஒரு ஞாயிறு விடிந்து வெயில் ஏறிய பிறகு, அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை.

"மீனே இல்ல பாப்பா" என்றார்.

அவள் வெளியே வந்தாள்.

"ரெண்டு வாரமாப் படகைத் திருப்பித் திருப்பி ஓட்டறேன். முன்னாடி அந்தப் பெரிய பாறைகிட்ட போனா கண்ணாடியை மறைக்கற மாதிரி வரும். இப்போ ஒண்ணு ரெண்டுதான் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டுத் திரியுது. நேத்து ஒரு சின்னப் பொண்ணு கேட்டா, இந்தத் தோட்டத்துல ஏன் யாருமே இல்லைன்னு. காகிதத்துல அதுக்குப் பதில் இல்ல." அவர் கைப்பிடிச் சுவரைத் தடவினார். "நீ சொன்னதையே சொன்னேன். ஒலிபெருக்கியிலயே சொன்னேன். சாயங்காலமே வாரியத்துலேர்ந்து ஆள் வந்து, படகுத்துறையில இடம் கிடையாதுன்னுட்டான்."

"அண்ணா..."

"அழாத. பழைய துறையில கட்டிக்கறேன். வர்றவங்க கொஞ்சம் நடந்து வரட்டும்." பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு, "உனக்கு நிலையத்து வேலையாத்தானே இறங்கக் கூடாதுன்னு உத்தரவு? ஞாயித்துக்கிழமை 'எங்க அண்ணன் படகுலேர்ந்து குளிக்கறேன்'னு நீ சொன்னா எவன் கேப்பான்? கேமராவை எடுத்துக்கிட்டு வா."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போனாள். வாடகை உருளை, சொந்தக் கேமரா. அண்ணன் மேலே படகைப் பிடித்திருக்க, நாற்பது இடத்திலும் படம் எடுத்தாள். இரண்டு மாதம் கழித்துக் காற்று திசை மாறி, தண்ணீர் ஒரு வழியாக ஆறியது. சில பவளங்களின் அடிப்பக்கத்தில், கைக்கட்டைவிரல் ரேகை அளவுக்கு, மங்கலாகப் பழுப்பு தெரிந்தது. அடுத்த மாதம் அது கிளையேறியது. போன பாசி திரும்பி வந்து அடுப்பு மூட்டியிருந்தது. மேலே வந்து முகக்கண்ணாடியைக் கழற்றும் முன்பே, "பழுப்பு அண்ணா! ஒன்பதாம் நம்பர் பழுப்பு!" என்று கத்தினாள். அண்ணன் சுக்கானை விட்டுவிட்டுக் கைதட்டினார். கரையிலிருந்து பார்த்தவர்கள் அண்ணனுக்கும் தங்கைக்கும் மூளை கலங்கிவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் கணக்குப் பார்த்தபோது நாற்பதில் ஐந்து வெளுக்கவே இல்லை, பதினொன்று மீண்டுவிட்டன, இருபத்து நான்கு செத்துவிட்டன. எல்லாப் படங்களையும் வைத்து அறிக்கை எழுதி, அவளே இயக்குநர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "நல்லா செஞ்சிருக்கம்மா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி அவள் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதம் நிலையத்தின் பெயரில் செய்தி வெளியானது: 'பவளத்திட்டு மீண்டது.' பதினொன்று மட்டும் அதில் இருந்தது. இருபத்து நான்கைக் காணவில்லை. அதே வாரம் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எந்த அறிக்கையிலும் 'வெளிறல்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. 'பருவகால நிறமாற்றம்' என்று எழுத வேண்டும். கையெழுத்து, இயக்குநர்.

படக்காரி கிடங்கில், குடுவைகளுக்கு நடுவே நின்றபடி அதை இரண்டு தடவை படித்தாள். சுற்றறிக்கையைத் திருப்பிப் போட்டு, அதன் வெறும் முதுகில் செத்துப்போன இருபத்து நான்கின் எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, வெளுத்த தேதியும் செத்த தேதியும். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'வெளிறல்' என்று போட்டாள். அடியில் கையெழுத்திட்டாள்.

அதை இயக்குநர் அறைக்கு எடுத்துப் போகவில்லை. தபால் பிரிவுக்குப் போய், வரவுப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டுத் தரும்படி கேட்டாள். எண் விழுந்துவிட்டால் காணாமல் போய்விட்டது என்று ஒருவரும் கை விரிக்க முடியாது. கிளார்க் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுற்றறிக்கையையும் படித்தார், இருபத்து நான்கையும் படித்தார். பிறகு முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார்.

"இது மாதிரி இன்னும் வருமா?" என்று கேட்டார்.

"மாசா மாசம் வரும்" என்றாள் படக்காரி.

கிளார்க் பதிவேட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மேலே அவள் பெயரை எழுதினார்.